ஏலகிரி அடிவாரத்து வேலைகள்

ஏலகிரியின் பெயரில் ஒரு ரயில் ஓடுகிறது. விடியற்காலையில் ஜோலார்பேட்டையிலிருந்து கிளம்பிச் சென்னைக்குப் போய், இருட்டிய பின் திரும்பும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் மலை பார்க்க வருகிறவர்களைவிட வேலைக்குப் போய்வருகிறவர்களே அதிகம். வாணியம்பாடி, ஆம்பூர், குடியாத்தம், காட்பாடி என்று ஏறுகிற கூட்டத்தில் ஆசிரியர், வங்கி ஊழியர், கடைச் சிப்பந்தி, ரயில்வேக்காரர் எல்லோரும் உண்டு. ஜோலார்பேட்டையே ரயில்வேயால் வளர்ந்த ஊர்; சேலம் பாதையும் பெங்களூர்ப் பாதையும் பிரியும் சந்திப்பு. ஆனால் ஏலகிரிக்கு வருகிற பயணிக்குக் கையேடுகள் சொல்வது வேறு: ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேலான உயரம், பதினான்கு கிராமங்கள், புங்கனூர் ஏரியில் படகு, சுவாமிமலை உச்சிக்கு நடை, ஜலகாம்பாறை அருவி, ‘ஏழைகளின் ஊட்டி’ என்ற பட்டம். அந்த ஏழைகள் என்ன வேலை செய்கிறார்கள் என்று எந்தக் கையேடும் சொல்வதில்லை. சொல்லாதது கையேட்டின் குறையல்ல. மலையடிவாரத்துப் பள்ளிகளும் அதைக் கேட்பதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. மாணவர்கள் தமக்குத் தெரிந்த பெரியவர்களின் வேலையை, அதன் நேரம், கருவி, கூலி, ஆபத்து, நுட்பம் எல்லாவற்றோடும் விவரித்து எழுதுவது பாடத்தின் ஒரு பகுதியாக வேண்டும் என்பது என் கட்சி. அதற்கு இந்த வட்டாரத்தைவிடப் பொருத்தமான சாட்சி வேறு கிடைப்பது அரிது.

மலைப்பாதையிலேயே ஒரு சாட்சி நிற்கிறது. பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். அவற்றுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் கடையெழு வள்ளல்களின் பெயர்களையும் வைத்திருக்கிறார்கள். கபிலரையும் ஔவையையும் கடந்து பாரிக்கும் ஓரிக்கும் போவது இனிய ஏற்பாடுதான். ஆனால் சங்கப் புலவர் பட்டியலைப் புரட்டுகிறவருக்கு வேறொன்றும் கண்ணில் படும்: மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், தங்கால் பொற்கொல்லனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். தானியம் விற்றவரும் துணி விற்றவரும் பொன் வேலை செய்தவரும் வைத்தியரும் தொழிலைப் பெயருக்கு முன்னாலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நக்கீரருக்கு அடையாளமே கணக்காயனார் மகன், அதாவது வாத்தியார் மகன் என்பதுதான். இதைக் காட்டி அந்தக் காலத்தில் எல்லாத் தொழிலுக்கும் மரியாதை இருந்தது என்று சொல்லிவிட முடியாது. புறநானூற்றின் 82ஆம் பாட்டில், தோல் வாரால் கட்டில் பின்னுகிறவனின் ஊசி வேகம் ஓர் அரசனின் போர் வேகத்துக்கு உவமையாக வருகிறது. ஊரில் திருவிழா, வீட்டில் மனைவிக்குப் பேறுகால வலி, வெளியே மழை, பொழுதும் சாய்கிறது. இத்தனை அவசரத்தில் அவன் கை எப்படி ஓடும் என்று புலவர் சாத்தந்தையார் அருகில் நின்று பார்த்தவர்போல் சொல்லியிருக்கிறார். அதே பாட்டு அவனை இழிந்தவன் என்றே குறிக்கவும் செய்கிறது. வேலையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்த கண்ணே வேலை செய்தவனைத் தாழ்த்தியும் பார்த்தது. தோல் தொழில் நடக்கிற ஊர்களில் இந்த இரட்டைப் பார்வை இன்னும் முடிந்துவிடவில்லை.

மேலிருந்து வடக்கே பார்த்தால் பாலாற்றுப் பள்ளத்தாக்கு. ஆற்றையும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டியும் சற்றே தள்ளியும் வாணியம்பாடி, ஆம்பூர், பிறகு பேரணாம்பட்டு, மேல்விசாரம், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்கள் நீள்கின்றன. ஆற்று மணலுக்கடியில் ஊறிய நீர், காட்டில் கிடைத்த ஆவாரம்பட்டை, தோல் வணிகத்தில் தேர்ந்த முஸ்லிம் வணிகக் குடும்பங்கள், தோலைத் தொடவைக்கப்பட்ட சாதிகளின் உழைப்பு, சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் ரயில் எல்லாம் சேர்ந்து இந்தத் தொழிலை உருவாக்கின. பட்டையில் பதனிட்ட அரைகுறைத் தோல் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போன காலம் அது. 1970களில் சீதாராமய்யா குழுவின் பரிந்துரையை ஒட்டி, அரைகுறைத் தோலாக அனுப்புவதைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலும் ஷூவும் செய்து அனுப்பும்படி மைய அரசு கொள்கையைத் திருப்பியது. அதன் விளைவு ஆம்பூரில் காலையும் மாலையும் தெரியும்: ஷூ கம்பெனிகளின் பேருந்துகள் சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றி வருகின்றன. இந்தியாவின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில்தான் இருக்கிறார்கள் என்பது ஆண்டுத் தொழிற்சாலைக் கணக்கெடுப்பு காட்டும் உண்மை. அதில் இந்தப் பள்ளத்தாக்குக்கும் பங்குண்டு. ஒரே வீட்டில் தாத்தா சுண்ணாம்புக் குழியிலும் அப்பா குரோம் டிரம்மிலும் அம்மா தையல் வரிசையிலும் வேலை செய்திருக்கக்கூடிய ஊர்கள் இவை. அரை நூற்றாண்டுப் பொருளாதார வரலாறு அந்தச் சமையலறையிலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அது விண்ணப்பப் படிவத்தின் ‘தந்தையின் தொழில்’ என்ற ஒரே கட்டத்துக்குள் ‘கூலி’ என்று அடங்கிவிடுகிறது.

பள்ளி கேட்கிற கேள்வி எப்போதும் எதிர்காலத்தைப் பற்றியது. நீ என்ன ஆகப் போகிறாய்? 2022 மார்ச்சில் தமிழ்நாடு அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் இந்தக் கேள்விக்கு வழிகாட்ட வந்தது. தேவையான திட்டம், அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் சுற்றியிருக்கிற வேலைகளை விவரிக்கப் பழகாத பிள்ளையிடம் வருங்கால வேலையைக் கேட்டால் டாக்டர், இன்ஜினியர், கலெக்டர், போலீஸ் என்ற வழக்கமான பதில்தான் வரும். இது ஏலகிரிக்கு மட்டும் உரிய குறை இல்லை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, 41 நாடுகளில் பதினைந்து வயதுப் பையன்களில் 47 விழுக்காட்டினரும் பெண்களில் 53 விழுக்காட்டினரும் வெறும் பத்தே வேலைகளில் ஒன்றைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று கண்டது. பணக்கார நாட்டுப் பிள்ளைகளுக்கும் கனவின் பட்டியல் இவ்வளவு குறுகியதென்றால், காரணம் அறிவுக்குறைவாக இருக்க முடியாது. வேலை என்பது வெளிப்பார்வைக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. வயல் வேலையைப் பிள்ளை வரப்பில் நின்று பார்த்தது. ஆலையின் வேலையைக் கதவும் காவலாளியும் மறைக்கிறார்கள். அம்மா காலை ஏழு மணிக்குப் பேருந்து ஏறுவதும் இரவு முதுகு வலியோடு வருவதும் மட்டுமே பிள்ளைக்குத் தெரிகிறது. இடைப்பட்ட நேரம் இருட்டு.

அந்த இருட்டுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். உப்பிட்டு வரும் பச்சைத்தோலை ஊறவைப்பது ஒரு வேலை. சுண்ணாம்பில் போட்டு மயிர் நீக்குவது, சதை வழிப்பது, குரோமிய உப்போடு பெரிய டிரம்மில் சுழற்றுவது, நீல நிறத்தில் வெளிவரும் தோலின் கனத்தைச் சீவிச் சமப்படுத்துவது, சாயமும் எண்ணெயும் ஏற்றுவது, இழுத்துக் கட்டிக் காயவைப்பது, பூச்சு தெளிப்பது என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஆள், தனித்தனிக் கைப்பழக்கம். கடைசியில் தரம் பிரிக்கிறவர் தோலை வெளிச்சத்தில் விரித்து, ஆட்டை உண்ணி கடித்த தழும்பு எது, முள்வேலி கிழித்தது எது என்று விரலால் தடவியே சொல்கிறார். ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் நிற்கிறவருக்குத் தோல் முதுகெலும்புவாக்கில் குறைவாகவும் குறுக்கே அதிகமாகவும் நீளும் என்பது தெரிந்திருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதியை மூடும் துண்டை எந்த இடத்திலிருந்து வெட்டுவது, மிச்சத்தில் எத்தனை சிறு துண்டு எடுப்பது என்பது ஒழுங்கற்ற உருவத்தின் மீது போடும் வடிவியல் கணக்கு. பள்ளி வேதியியலில் ஆக்ஸிஜனேற்ற எண் வருகிறது. தோல் பதனிடுவது மூன்று என்ற நிலையிலுள்ள குரோமியம், உடலைக் கெடுப்பது ஆறு என்ற நிலையிலுள்ளது. ராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடிய குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவுக்குவியல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. புத்தகத்தில் வெறும் எண்ணாக இருப்பது இந்த ஊரில் அப்பாவின் கைத்தோலிலும் கிணற்று நீரிலும் இருக்கிறது. வெளி வாழ்க்கையோடு அறிவை இணைப்பதுதான் முதல் கோட்பாடு என்று 2005இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் சொல்லிவிட்டது. சொன்னதோடு சரி.

வீட்டுக்குள்ளேயே நடக்கிற ஒரு வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சில வகை ஷூக்களின் மேல்பாகத்தைக் கையால் தைக்க வேண்டியிருக்கிறது. இடைத்தரகர் வழியாக அது ஆம்பூரைச் சுற்றியுள்ள வீடுகளுக்கு வருகிறது. பெண்கள் வாசலில் உட்கார்ந்து தைத்து, ஜோடிக் கணக்கில் சில ரூபாய் வாங்குகிறார்கள். கம்பெனியின் சம்பளப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை, பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கேட்டால் அவர்களே ‘சும்மா வீட்டில்தான் இருக்கிறேன்’ என்பார்கள். இந்த வேலைக்கு அரசாங்கக் கணக்கில் சாட்சி மிகக் குறைவு. வீட்டில் வளரும் பிள்ளை நல்ல சாட்சி. ஒரு ஜோடிக்கு எத்தனை நிமிடம், மெழுகிட்ட நூல் விரலை எங்கே அறுக்கிறது, ஒரு வாரத்தில் எத்தனை ஜோடி என்று எட்டாம் வகுப்புப் பெண் எழுதினால், அது பொருளியல் ஆய்வாளர் மாதக்கணக்கில் தேடுகிற தகவல். அதைத் தமிழ்க் கட்டுரை என்று திருத்தி, சந்திப் பிழைக்கு மதிப்பெண் குறைத்தாலும் பரவாயில்லை, முதலில் எழுதட்டும்.

இங்கே தமிழ்நாட்டில் உடனே எழ வேண்டிய ஆட்சேபம் ஒன்று உண்டு. எழாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். பள்ளிக்குள் பெற்றோரின் தொழிலைக் கொண்டுவருவது குலக்கல்வி அல்லவா? 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப் பள்ளி நேரத்தை நாளுக்கு மூன்று மணியாகக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. பெரியாரும் திராவிட இயக்கமும் எதிர்த்துக் கிளம்பின. காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானதும் திட்டம் போனது. அந்த நினைவு பழங்கதையல்ல. 2023இல் மைய அரசு கைவினைஞர்களுக்காகக் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு ஏற்காததற்கும், அதற்குப் பதிலாகத் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் குறைந்த வயதைப் பதினெட்டிலிருந்து முப்பத்தைந்துக்கு உயர்த்தி, குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கியதற்கும் பின்னால் நிற்பது அதே அச்சம்தான். பதினெட்டு வயதுப் பையனைக் கல்லூரியிலிருந்து அப்பாவின் பட்டறைக்கு இழுக்கக் கூடாது என்ற அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் குலக்கல்வியின் குற்றம் பிள்ளைக்குத் தொழிலைப் பற்றித் தெரிந்துவிடும் என்பதில் இல்லை. படிப்பு நேரத்தைப் பிடுங்கி வேலைக்குக் கொடுத்ததும், எந்த வேலை என்பதைப் பிறப்பால் தீர்மானித்ததும்தான் குற்றம். நான் சொல்வது நேர் எதிர்த்திசை: வேலை பள்ளிக்கு வந்து பாடமாகிறது, பிள்ளை வேலைக்குப் போவதில்லை. யாரை விவரிப்பது என்பதும் பிறப்பைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. தோல் வணிகர் வீட்டுப் பிள்ளை டிரம் ஓட்டுகிறவரைப் பற்றி எழுதட்டும். டிரம் ஓட்டுகிறவர் பிள்ளை வங்கி மேலாளரிடம் போய் அவர் உண்மையில் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று கேட்கட்டும். இரண்டாவது கட்டுரை எழுதுவதுதான் கடினம் என்பது என் சந்தேகம்.

இதைவிட நுட்பமான எதிர்ப்பு வெட்கத்தைப் பற்றியது. வகுப்பில் எழுந்து நின்று அப்பா தோல் வழிக்கிறார் என்று ஒரு பிள்ளை சொன்னால், மற்றவர்கள் கேட்பது தொழிலை அல்ல, சாதியை. சுத்திகரிப்புத் தொட்டியில் இறங்குகிறவரின் மகளுக்கு அந்த ஐந்து நிமிடம் வகுப்பறை நரகமாகலாம். இதற்கு ‘உழைப்பே உயர்வு’ என்று சுவரில் எழுதிப் பதில் சொல்ல முடியாது. ஆகவே எழுதியதை உரக்க வாசிக்கக் கட்டாயம் கூடாது, சொந்த வீட்டைப் பற்றி எழுதவும் கட்டாயம் கூடாது. தெரிந்த பெரியவர் யாராகவும் இருக்கலாம். இந்த ஆட்சேபத்தில் பாதியை ஏற்கிறேன். மறுபாதியை ஏற்க முடியாததற்குக் காரணம், மௌனம் அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியதில்லை என்பது. யார் வீட்டில் என்ன வேலை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். பேச்சு வராததால் ஏளனம் மட்டும் பேச்சாக உலவுகிறது. காஞ்ச அய்லய்யா 2007இல் குழந்தைகளுக்காக எழுதிய உழைப்பின் மாண்பு பற்றிய புத்தகத்தில் தோல் தொழிலாளருக்கு ஓர் இடம் கொடுத்து, பச்சைத்தோல் கெடாமல் காப்பது எத்தகைய அறிவு என்று விளக்கினார். டி.செல்வராஜ் திண்டுக்கல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றி ‘தோல்’ நாவலை எழுதி 2012இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். பெரியவர்கள் எழுதினால் இலக்கியம், பிள்ளைகள் எழுதினால் அவமானம் என்று வைத்துக்கொள்ள முடியுமா? இத்தாலியில் பிளாரன்சுக்கு அருகே பார்பியானா என்ற மலைக்கிராமத்தில், பள்ளியிலிருந்து தள்ளப்பட்ட எட்டுப் பையன்கள் லொரென்சோ மிலானி என்ற பாதிரியாரின் துணையோடு 1967இல் ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். தேர்வில் தோற்றவர்களின் தந்தையர் என்ன தொழில் செய்தார்கள் என்று அவர்களே கணக்கெடுத்து அட்டவணை போட்டார்கள்; தோற்றவர்கள் பெரும்பாலும் விவசாயி, தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள். தந்தையின் தொழில் என்ற அதே கட்டம்தான். அதிகாரி நிரப்பியபோது அது பதிவேடு, பிள்ளைகள் நிரப்பியபோது பள்ளியின் மீதான வழக்கு.

ஏலகிரியின் மேல் வாழும் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் நிலை கீழே உள்ளவர்களுடையதைப் போன்றதல்ல. அவர்களுக்குத் தெரிந்த பெரியவர்களின் வேலை கண்ணெதிரே மாறிக்கொண்டிருக்கிறது. சாமையும் கேழ்வரகும் பலாவும் விளைந்த நிலத்தில் விடுதிகள் எழ, நிலத்துக்காரர்களாக இருந்தவர்களில் சிலர் தோட்டக்காரராகவும் காவலாளியாகவும் அறை சுத்தம் செய்கிறவராகவும் ஆகிறார்கள். சுற்றுலா வேலை தருகிறது என்பார்கள், தருகிறதுதான். எந்த வேலை யாருக்கு என்பதை ஒரு வகுப்பு முழுக்க எழுதிச் சேர்த்தால் அந்தப் பதிலின் முழு உருவம் தெரியும். எதிரேயுள்ள ஜவ்வாது மலையில் இரண்டு வகை வேலைகள் இருந்தன. ஒன்று, காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பராமரித்து இயக்குகிறவர்களின் இரவு வேலை. இன்னொன்று, வீட்டில் சொல்லாமல் ஆந்திரக் காடுகளுக்கு மரம் வெட்டப் போனவர்களின் வேலை; 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் காவல்துறையால் சுட்டுக்கொல்லப்பட்ட இருபது பேரில் ஜவ்வாது மலைக்காரர்களும் இருந்தார்கள். அப்பா எங்கே வேலைக்குப் போகிறார் என்று தெரியாத வீடு எத்தகைய ஆபத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம்.

பாடச்சுமை, ஆசிரியர் பற்றாக்குறை என்ற எதிர்ப்பை நீட்ட வேண்டியதில்லை. 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் மாணவர்கள் தம் ஊரைப் பற்றியே ஆய்வு செய்கிறார்கள். ஏற்பாடு இருக்கிறது, தலைப்பை மாற்றினால் போதும். ஆலைகள் கோபித்துக்கொள்ளும் என்பது கூடுதல் கனமுள்ள தடை. பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல், மாசுபடுத்தியவரே விலை தர வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டுச் சட்டமாக்கிய பிறகும், 2025 ஜனவரியில் அதே ஆற்றுக்காக இன்னொரு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. 2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து பத்துத் தொழிலாளர்கள் தூக்கத்திலேயே சேற்றில் புதைந்தார்கள். இந்தச் சூழலில் பிள்ளைகள் எழுதுவதை ஆலைகள் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு. ஆனால் பிள்ளை ஆலைக்குள் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு வருகிறவரிடம் கேட்டால் போதும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு ஐம்பது விழுக்காடு வரி போட்டபோது, அது ஆம்பூரில் யாருடைய ஓவர்டைமை நிறுத்தியது என்பதற்கு நாளிதழின் வணிகப் பக்கத்தைவிடச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு துல்லியமான பதில் தரும்.

கேட்டால் பெரியவர்கள் சொல்வார்களா என்பதுதான் மிஞ்சும் சிக்கல். பலர் சொல்ல மாட்டார்கள். களைப்பு ஒரு காரணம், பிள்ளைக்கு இது தெரிய வேண்டாம் என்ற எண்ணம் இன்னொன்று. வேறு சிலருக்குச் சொல்லத் தெரியாது, ஏனென்றால் அவர்களுக்கே யாரும் சொல்லவில்லை. ஒப்பந்தக்காரர் வழியாக வருகிற டிரம் தொழிலாளிக்குத் தான் கொட்டுகிற பொடியின் பெயர் பல நேரம் மூட்டையின் நிறமாகவோ நம்பராகவோ மட்டுமே தெரியும். 1987இல் தொழிற்சாலைச் சட்டத்தில் சேர்த்த 41பி பிரிவு, ஆபத்தான பொருள்களைப் பற்றியும் அவற்றிலிருந்து காத்துக்கொள்ளும் வழி பற்றியும் தொழிலாளிக்குத் தெரிவிப்பதை ஆலை நடத்துகிறவரின் கடமையாக்கியது. ஒன்பதாம் வகுப்புப் பையன் தன் நோட்டில் ‘அப்பா டிரம்மில் போடும் பொடியின் பெயர்’ என்று தலைப்பிட்டு, எதிரே காலியாக விட்டு, மறுநாள் அப்பா சூப்பர்வைசரிடம் கேட்டு வரும்வரை காத்திருந்தால், அந்த வரியை நிரப்ப வேண்டிய பொறுப்பு ஆலைக்குத்தான் போகிறது.